நிலப்பிளவு கண்ட ஆண்ட்ரூ லாசன்

பொறுமைக்கு நிலத்தை உவமையாகக் கூறுவது நம் முன்னோர் மரபு. ஆயினும், அந்நிலமும் சில வேளைகளில் பொறுமை இழந்தாற்போல நடுங்குகிறது. அந்நடுக்கத்தில் மாளிகையும் குடிசையும் ஒருங்கே சரிகின்றன. பல்லாண்டு முயன்று எழுப்பிய நகரம் சில நொடிகளில் கற்குவியலாகிறது. நில நடுக்கம் எங்கே தோன்றும், எவ்வளவு தொலைவு பரவும், எத்துணைப் பெரிதாகும் என்னும் வினாக்களுக்கு விடை காண முயன்ற அறிஞர் பலர். அவருள் ஒருவர் ஆண்ட்ரூ லாசன். தாம் ஒரு சிறு பகுதியை மட்டும் கண்டு பெயரிட்ட நிலப்பிளவு, ஒரு மாநிலத்தையே ஊடறுத்துச் செல்லும் பெரும்பிளவு என்பதனைப் பின்னர் அறிந்து, உலகம் அறியுமாறு எழுதிவைத்த பெருமை அவருக்கு உரியது.

இளமையும் கல்வியும்

ஆண்ட்ரூ லாசன் 1861ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரை ஊராகிய ஆன்ஸ்ட்ரதரில் பிறந்தார். அவர் சிறுவராய் இருந்தபோதே அவருடைய பெற்றோர் கனடா நாட்டில் குடியேறி, ஒண்டாரியோ மாநிலத்து ஹாமில்டன் நகரில் வாழலாயினர். அவருடைய அன்னையார் கதைகள் எழுதுவதில் வல்லவர். தம்பியருள் ஒருவர் பிற்காலத்தில் ஓவியராய்ப் புகழ்பெற்றார். கலையும் எழுத்தும் பயின்ற அக்குடும்பத்தில் தோன்றிய லாசன், கல்லையும் மண்ணையும் படிக்கும் நூலாகத் தேர்ந்துகொண்டார்.

அவர் 1883ஆம் ஆண்டில் டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர்க் கனடா அரசின் நில ஆய்வுத் துறையில் பணியாற்றினார். ஏரிகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த மேற்கு ஒண்டாரியோப் பகுதியில் அவர் ஆராய்ச்சி நடத்தினார். அங்குள்ள கருங்கற் பாறைகளே எல்லாவற்றினும் பழமையானவை என்று அந்நாளில் அறிஞர் கருதி வந்தனர். லாசன் அக்கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பாறைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களைத் தேடிச் சென்று நேரில் கண்டார். உருகிய நிலையில் இருந்த கருங்கல், தனக்கு முன்னரே அமைந்திருந்த வேறு பாறைகளுக்குள் புகுந்து இறுகியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பாறைகளைத் தனித்தனியே நோக்குவதைவிட அவை சேரும் இடத்தை நோக்குவதே உண்மையை உணர்த்தும் என்னும் பாடம் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

கலிபோர்னியாவில் லாசன்

1890ஆம் ஆண்டில் லாசன் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அப்பல்கலைக்கழகம் பெர்க்லி என்னும் ஊரில் உள்ளது. அவ்வூருக்கு மேற்கே, விரிகுடாவிற்கு அப்பால், சான்பிரான்சிஸ்கோ மாநகரம் அமைந்திருக்கிறது. லாசன் தம் மாணவர்களை வகுப்பறையில் மட்டும் இருத்திப் பாடம் சொல்லவில்லை. மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் அழைத்துச் சென்று, நிலத்தின் வடிவத்தைக் கண்ணால் கண்டு வரைபடமாகத் தீட்டுமாறு பழக்கினார்.

சான்பிரான்சிஸ்கோவிற்குத் தெற்கே குன்றுகளுக்கு இடையில் சான் ஆண்ட்ரியாஸ் என்னும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. நகரத்திற்குக் குடிநீர் வழங்கும் ஏரி ஒன்று அங்கே அமைந்துள்ளது. அப்பள்ளத்தாக்கு, நூல் பிடித்தாற்போல நேராகச் செல்வது லாசனின் கருத்தைக் கவர்ந்தது. அதன் இரு பக்கங்களிலும் உள்ள பாறைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. ஆகவே, அங்கே நிலத்தில் ஒரு பிளவு உண்டென்று அவர் துணிந்தார். நிலத்தின் மேற்பகுதியில் உள்ள பாறை பிளந்து, ஒரு பக்கத்துப் பாறை மறு பக்கத்துப் பாறையை உரசிக்கொண்டு இடம் பெயரும் இடமே நிலப்பிளவு எனப்படும். 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர் அப்பிளவுக்குப் பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டினார்.

கலிபோர்னியாவின் தென்பகுதியிலும் நிலம் வெடித்த செய்தியை மக்கள் அறிந்திருந்தனர். 1857ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அங்குப் பெரியதொரு நில நடுக்கம் நிகழ்ந்தது. அப்போது தோன்றிய வெடிப்பை நேரில் கண்ட முதியோர் பலர் பின்னரும் உயிரோடிருந்தனர். ஆயினும், வடக்கே லாசன் கண்ட பிளவும் தெற்கே முதியோர் கண்ட வெடிப்பும் ஒரே கோட்டின் இரு பகுதிகள் என்பதனை அந்நாளில் எவரும் தெளிவுறுத்தவில்லை. லாசனும் அதனை அறியார். மாலையின் மலர்கள் தனித்தனியே தென்பட்டன. அவற்றைக் கோத்த நார் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

1906ஆம் ஆண்டின் பேரழிவு

1906ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18ஆம் நாள் விடியற்காலை 5 மணி 12 நிமிட அளவில் சான்பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. உறங்கியோர் விழித்தெழுமுன் வீடுகள் சரிந்தன. நடுக்கம் ஒரு நிமிட அளவில் அடங்கியது. ஆனால் துன்பம் அடங்கவில்லை. நகரின் பல இடங்களில் தீப் பற்றியது. தீயை அணைக்க வந்தோர் நீர்க்குழாய்களைத் திறந்தபோது போதிய நீர் வரவில்லை. நகருக்குள் சென்ற குழாய்கள் எண்ணற்ற இடங்களில் முறிந்திருந்தன. நகருக்கு நீர் கொணர்ந்த பெருங்குழாய்களும், அவை பிளவைக் கடந்த இடங்களில் ஒடிந்துபோயின. பதினொரு ஆண்டுகளுக்கு முன் லாசன் பெயரிட்ட அதே சான் ஆண்ட்ரியாஸ் பள்ளத்தாக்கிலேயே அவை ஒடிந்தன. மூன்று நாள் எரிந்த தீயில் ஏறக்குறைய 28,000 கட்டடங்கள் அழிந்தன. 4,00,000 மக்கள் வாழ்ந்த நகரில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். ஏறக்குறைய 3,000 பேர் உயிர் துறந்தனர் என்பது இன்றைய மதிப்பு.

அவ்வேளையில் நகர வணிகருள் பலர், அழிவு அனைத்தும் தீயினால் விளைந்ததே என்று கூறிக்கொள்ள விரும்பினர். தீயென்றால் எந்த நகரிலும் பற்றக்கூடும். நில நடுக்கம் என்றாலோ மக்கள் குடியேற அஞ்சுவர், செல்வர் பொருளிட அஞ்சுவர் என்பது அவர்கள் கவலை. இதற்கு முன்னரும் இத்தகையதொரு நிலைமை நேர்ந்ததுண்டு. 1868ஆம் ஆண்டில் விரிகுடாவின் கிழக்குக் கரையில் நேர்ந்த நில நடுக்கத்தைப் பற்றி ஒரு குழு ஆராய்ந்தது. ஆயினும் அதன் அறிக்கை அச்சேறவில்லை. அறிய வேண்டியதை அறியாமலே மக்கள் மீண்டும் வீடு கட்டினர்.

ஆய்வுக் குழு

இம்முறை அவ்வாறு நேராமல் தடுத்த பெருமை லாசனுக்கும் அவர்தம் தோழர்க்கும் உரியது. நடுக்கம் நிகழ்ந்த மூன்றாம் நாளே மாநில ஆளுநர் பார்டீ ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். லாசன் அதன் தலைவரானார். புகழ்பெற்ற நிலவியல் அறிஞர் கில்பர்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரீடு முதலியோர் அதன் உறுப்பினர். மாநில அரசு அக்குழுவிற்குப் பொருளுதவி செய்யவில்லை. வாஷிங்டன் நகரிலுள்ள கார்னகி நிறுவனமே செலவை ஏற்றுக்கொண்டது.

குழுவினரும் அவர்களுக்குத் துணைநின்ற மாணவரும் நடந்தும் குதிரையேறியும் வெடிப்பைத் தொடர்ந்து சென்றனர். வெடிப்பு மலையேறியது, பள்ளத்தாக்கில் இறங்கியது, ஏரிகளைக் கடந்தது, கடலுக்குள் மறைந்து மீண்டும் கரையேறியது. அதன் குறுக்கே இருந்த வேலிகள் அறுந்து, ஒரு பாதி ஓரிடத்திலும் மறு பாதி வேறிடத்திலுமாக நின்றன. ஓலிமா என்னும் ஊருக்கு அருகில் ஒரு சாலை துண்டிக்கப்பட்டு, ஏறக்குறைய 6 மீட்டர் விலகிக் கிடந்தது. நிலம் மேலும் கீழுமாகப் பெயர்ந்ததைக் காட்டிலும் பக்கவாட்டில் பெயர்ந்ததே பெரிது என்பது தெளிவாயிற்று. வடமேற்கே ஹம்போல்ட் மாவட்டக் கடற்கரை முதல் தென்கிழக்கே சான் வான் பாவ்டிஸ்டா என்னும் ஊர் வரையில் நிலம் வெடித்திருந்தது. அவ்வெடிப்பின் நீளம் ஏறக்குறைய 470 கிலோமீட்டர் என இன்று மதிப்பிடுகின்றனர்.

வெடிப்பு முடிந்த இடத்தில் குழுவினரின் நடை முடியவில்லை. பிளவு அவ்வாண்டில் அசையாது கிடந்த தென்பகுதியிலும் தொடர்கிறதா என்று அவர்கள் தேடினர். நேரிய பள்ளத்தாக்குகளும் வளைந்து திரும்பும் ஓடைகளும் அதன் வழியைக் காட்டின. 1857ஆம் ஆண்டின் வெடிப்பும் அதே கோட்டின்மேல் அமைந்திருப்பதை அவர்கள் கண்டனர். சிறு பள்ளத்தாக்கொன்றுக்கு உரியதாயிருந்த சான் ஆண்ட்ரியாஸ் என்னும் பெயரை, மாநிலத்தின் வடமேற்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கும் கிழக்கே செல்லும் அந்நெடும் பிளவு முழுவதற்கும் அறிக்கை வழங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட அறிஞரின் உழைப்பைத் தொகுத்து லாசன் பதிப்பித்த அவ்வறிக்கை 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சேறாது போன 1868ஆம் ஆண்டுச் செய்திகளையும், அதனைக் கண்டோரை வினவித் திரட்டி அவர் அதில் சேர்த்தார்.

ரீடு எழுதிய இரண்டாம் பகுதி 1910ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிளவின் இருபுறத்து நிலமும் பல ஆண்டுகளாக எதிரெதிரே மெல்ல இழுக்கப்படுகிறது. பிளவில் பாறைகள் பற்றிக்கொண்டிருப்பதால் அவை வளைகின்றன. வளைவு தாங்கும் எல்லை கடந்ததும் பற்று விடுபட்டு, வளைத்த மூங்கில் நிமிர்வதுபோலப் பாறைகள் நிமிர்கின்றன. அந்நிமிர்வே நில நடுக்கம் என்று அவர் விளக்கினார். இன்றும் இவ்விளக்கமே நில நடுக்க ஆராய்ச்சிக்கு அடிப்படையாக விளங்குகிறது.

இணைப்பின் பொருள்

பிளவுகள் இணைந்திருக்கின்றனவா, இல்லையா என்பதை அறிவதனால் விளையும் பயன் யாது? பழந்துணி ஒன்றில் அடுத்தடுத்து இரு கிழிசல்கள் இருப்பதாகக் கொள்வோம். இடையில் உள்ள நூல்கள் வலுவுடையனவாயின், ஒரு கிழிசலைப் பற்றி இழுத்தாலும் அது மற்றதனைச் சென்று சேராது. இடைநூல்கள் நைந்திருந்தாலோ, இரு கிழிசல்களும் ஒன்றாகித் துணி முழுவதும் கிழியும். நிலப்பிளவின் இயல்பும் இத்தகையதே. வெடிக்கும் பிளவு நீண்டதாயின், நடுக்கமும் பெரிதாகும். நில நடுக்கத்தின் அளவு ஓர் எண் கூடினால், வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு மிகும்.

ஒரே பிளவிலும் வெடிப்பு எங்கும் பரவுவதில்லை. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நீளத்திற்குப் பாறைகள் பற்றிக்கொள்ளாமல் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் மெல்ல நழுவுகின்றன. அங்கே வளைவு மிகுதியாகச் சேர்வதில்லை. 1857ஆம் ஆண்டின் வெடிப்பு அப்பகுதியின் தென்முனையை ஒட்டியும், 1906ஆம் ஆண்டின் வெடிப்பு வடமுனையை ஒட்டியும் அமைந்தன. ஆதலின், பிளவின் எப்பகுதி எதனோடு எவ்வாறு இணைந்துள்ளது என்பதே அறிய வேண்டிய செய்தியாகும்.

தனிப் பிளவுகளாக எண்ணப்பட்டவை ஒருங்கே வெடித்ததும் உண்டு. 1992ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தென் கலிபோர்னியாப் பாலைநிலத்தில் லாண்டர்ஸ் என்னும் ஊரருகே 7.3 அளவுள்ள நில நடுக்கம் நேர்ந்தது. வரைபடங்களில் வெவ்வேறு பெயர்களோடு காணப்பட்ட ஐந்து பிளவுகள் அன்று ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கலிபோர்னியாவில் மட்டுமன்றிப் பிற நாடுகளிலும் இது நிகழ்கிறது. 2016ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் நியூசிலாந்தின் கைக்கோரா நிலப்பகுதியில் 7.8 அளவுள்ள நில நடுக்கம் நேர்ந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட பிளவுகள் வெடித்தன. இரு பிளவுகளுக்கு இடையே ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பின், வெடிப்பு பெரும்பாலும் அதனைத் தாண்டுவதில்லை என்பர். ஆயினும் இவ்விதிக்கும் விலக்கு உண்டென்பதைக் கைக்கோரா காட்டியது.

இவ்வுண்மைகளைக் கருதி, பல பிளவுகள் ஒருங்கே வெடிக்கக்கூடும் என்பதனையும் சேர்த்துக் கலிபோர்னியாவின் இடரை அறிஞர் மீண்டும் கணித்தனர். அக்கணிப்பு 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன்படி, 30 ஆண்டுகளுக்குள் 8 அளவோ அதனினும் பெரிதோ ஆன நில நடுக்கம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 4.7 என்பதிலிருந்து 7 ஆக உயர்ந்தது. அதே வேளையில், 6.7 அளவை ஒட்டிய நடுக்கங்கள் முன் எண்ணியதைவிடச் சிறிது அரிதாகவே நிகழும் என்பதும் தெரிந்தது. பல சிறு வெடிப்புகளில் செலவாகும் என்று எண்ணிய வளைவின் ஒரு பகுதி, சில பெரு வெடிப்புகளில் செலவாவதே இதற்குக் காரணம். எனவே, இணைப்பை அறிதல் அச்சத்தைப் பெருக்குவதற்கன்று. உண்மையை உள்ளவாறு அளப்பதற்கே.

காலடியில் ஒரு பிளவு

லாசன் வாழ்ந்த பெர்க்லியிலும் ஒரு பிளவு உண்டு. ஹேவார்டு எனப்படும் அது, குன்றுகளின் அடிவாரம் வழியாகவும் பல்கலைக்கழக நிலத்தின் ஊடாகவும் செல்கிறது. 1868ஆம் ஆண்டின் நடுக்கம் அதன் செயலே. லாசன் அதனை அறிந்தே அங்கு வாழ்ந்தார். 1906ஆம் ஆண்டின் அழிவைக் கண்ட அவர், மறு ஆண்டில் தம் இல்லத்தை மரத்தாலன்றி இரும்புக்கம்பி இட்ட கற்காரையால் கட்டுவித்தார். சுரங்கத் தொழில் பயிலும் மாணவர்க்குப் பயிற்சிக்களமாகக் குன்றினுள் 1916ஆம் ஆண்டு முதல் சுரங்கவழி ஒன்று தோண்டப்பட்டது. லாசன் பெயரால் வழங்கும் அச்சுரங்கவழி ஹேவார்டு பிளவை ஊடறுத்துச் செல்கிறது.

ஹேவார்டு பிளவுக்கு வடக்கே, சான் பாப்லோ விரிகுடாவிற்கு அப்பால், ராட்ஜர்ஸ் கிரீக் என்னும் மற்றொரு பிளவு உண்டு. இரண்டிற்கும் இடையே சில கிலோமீட்டர் இடைவெளி இருப்பதாக நெடுங்காலம் கருதப்பட்டது. விரிகுடாவின் நீரும் சேறும் அவ்விடத்தை மறைத்திருந்தன. ஆய்வாளர் கப்பலிலிருந்து ஒலியலைகளைச் செலுத்திச் சேற்றின் அடியில் உள்ள அடுக்குகளை ஆராய்ந்தனர். இரு பிளவுகளும் விரிகுடாவின் அடியில் நேரே இணைந்துள்ளன என்னும் முடிவை அவர்கள் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரண்டும் ஒருங்கே வெடித்தால் நடுக்கம் 7.4 அளவை எட்டக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். 1868ஆம் ஆண்டின் நடுக்கம் ஏறக்குறைய 6.8 அளவினது. எண்ணில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, ஆற்றலில் ஏறக்குறைய எட்டு மடங்காகும். இன்று அப்பிளவுகளின் மீதும் அருகிலும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் பாலங்களும் நீர்க்குழாய்களும் நிறைந்துள்ளன. அவற்றை எவ்வளவு வலுவாக அமைப்பது என்பதற்கு இத்தகைய ஆராய்ச்சியே வழிகாட்டியாகும்.

இறுதி நாள்கள்

லாசன் 1928ஆம் ஆண்டில் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1952ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில், விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள சான் லியாண்ட்ரோ நகரில் இயற்கை எய்தினார். நீலநிறம் பொருந்திய கனிமம் ஒன்று லாசனைட் என்று அவர் பெயரால் வழங்குகிறது.

நிலத்தின் மேற்பரப்பு பெரும் பாளங்களாகப் பிரிந்து நகர்கிறது என்பதையும், சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அத்தகைய இரு பாளங்களின் எல்லை என்பதையும் அறிஞர் உலகம் தெளிந்தது அவர் மறைந்த பின்னரே. அவ்வுண்மையை லாசன் அறிந்திலர். எனினும், அதனை அறிதற்கு வேண்டிய கோட்டை நிலப்படத்தின்மேல் வரைந்து கொடுத்தவர் அவரே.

நில நடுக்கத்தைத் தடுக்க மனிதரால் இயலாது. அது நேரும் நாளை முன்னறிந்து கூறவும் இயலவில்லை. ஆயினும், அது எவ்வழி வரும், எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை ஓரளவு அறியலாம். அவ்வாறு அறிந்து கட்டிய வீடு உயிர் காக்கும். அறியாது கட்டிய வீடே கூற்றுவனாகும். துண்டுகளாகத் தோன்றியவற்றைத் தொடர்ந்து நடந்து சென்று இணைத்துக் கண்டவரும், கண்டதை மறைக்காது வெளியிட்டவருமாகிய ஆண்ட்ரூ லாசனின் உழைப்பு, அவரை அறியாத மக்களையும் இன்று காத்து நிற்கிறது.